குற்றாலத்துக்கும் கன்னியாகுமரிக்கும் கிளம்புமுன்: ஒரு வேன் டிரைவரின் மழை, அலை குறிப்புகள்

நாகர்கோவிலில் டெம்போ டிராவலர் ஓட்டுகிறேன். 19 வருஷமாக இதுதான் பிழைப்பு. காலையில் திற்பரப்பு அருவி, மதியம் மாத்தூர் தொட்டிப்பாலம், சாயங்காலம் கன்னியாகுமரி. சீசன் என்றால் ஆரல்வாய்மொழி தாண்டி குற்றாலம். வண்டியில் ஏறுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, அருவில தண்ணி விழுதா?" அடுத்தது, "இன்னைக்கு மழை வருமா?" இதைக் கேட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வானத்தைப் பார்ப்பார்கள். வெயில் அடித்தால் நிம்மதியாகி சீட்டில் சாய்ந்துவிடுவார்கள்.

அந்த நிம்மதிதான் எனக்குப் பயம். திற்பரப்பில் விழும் தண்ணீர் திற்பரப்பில் பெய்த மழை இல்லை, மலைக்கு மேலே எங்கேயோ பெய்தது. சொத்தவிளைக் கடற்கரையில் உங்கள் முழங்காலை அடிக்கும் அலை சில நாட்களில் பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, நடுக்கடலில் அடித்த காற்றிலிருந்து வந்திருக்கும். அதனால் நான் வானத்தைப் பார்ப்பதில்லை. தண்ணீர் புறப்படுகிற இடத்துக்கு என்ன எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அதை எப்படிப் பார்ப்பது என்றுதான் இதில் சொல்லப்போகிறேன்.

முந்தின நாள் ராத்திரி

சாப்பிட்டு முடித்ததும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட வாரியான அறிவிப்பைத் திறப்பேன். அதில் மூன்று விஷயம்: நிறம், மழை அளவு, எத்தனை இடம்.

நிறம் எல்லோருக்கும் தெரியும். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. எங்கள் தெருவில் சிவப்புக்கு ஒரே அர்த்தம்தான், நாளைக்கு ஸ்கூல் லீவு. கலெக்டர் லீவு விடவில்லையென்றால் மழை இல்லை என்று நினைக்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள்.

மழை அளவை இப்படி வாசிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. அந்த 24 மணி நேரம் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடியும். 'அதி கனமழை'க்கு மேல்வரம்பு கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. 21 செ.மீ.க்கும் அதே பெயர், 95 செ.மீ.க்கும் அதே பெயர்தான். 95 என்பது நான் கற்பனையில் சொன்ன எண் இல்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் அவ்வளவு பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் பயணிகளோடு சிக்கி நின்றதும் அந்த மழையில்தான். சிவப்பு என்பதற்கு மேல் காட்ட வேறு நிறம் இல்லை. ஆகவே சிவப்பு போட்டால் எவ்வளவு பெய்யும் என்று கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, வண்டியை ஷெட்டில் போட்டுவிடுவேன்.

மூன்றாவதுதான் பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம். "ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்" என்று செய்தியில் வாசிப்பார்கள். ஓரிரு இடம்தானே, நம்ம இடமா இருக்காது என்று தோன்றும். மாவட்டத்தில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி வரைக்கும் பெய்யலாம் என்பதுதான் அதன் அர்த்தம். சரி, அந்தக் கால்வாசி எங்கே இருக்கும்? எங்கள் பக்கத்தில் அனேகமாக மலையில். கன்னியாகுமரி மாவட்டம் என்றால் பேச்சிப்பாறை, பாலமோர் பக்கம். திருநெல்வேலி என்றால் மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து. அதாவது, நீங்கள் குளிக்கப் போகிற அருவிக்கு நேர் மேலே. அருவிக்குப் போகிறவருக்கு 'ஓரிரு இடங்களில்' என்பது ஆறுதல் வார்த்தை கிடையாது.

இன்னொரு பழக்கம் எனக்கு உண்டு. குற்றாலம் போவதென்றால் தென்காசி மாவட்டத்தோடு கொல்லம் மாவட்டத்து நிறத்தையும் பார்த்துவிடுவேன். செங்கோட்டை தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை. எல்லாம் கொல்லம் மாவட்டம். ஆனி, ஆடியில் மேகம் அந்தப் பக்கத்திலிருந்துதான் மலையேறி வருகிறது. திற்பரப்பு போவதென்றால் திருவனந்தபுரம் மாவட்டத்தைப் பார்ப்பேன். மலைக்கு மாநில எல்லை தெரியாது. எச்சரிக்கையை மட்டும் இரண்டு அலுவலகம் பிரித்துப் பிரித்துத் தருகிறது, நாம்தான் சேர்த்து வாசிக்க வேண்டும்.

வானிலைத் துறை 2020-லிருந்து 'திடீர் வெள்ள அபாயம்' என்று தனியாகவும் ஒரு அறிவிப்பு தருகிறது. அடுத்த 6 மணி நேரத்துக்கு ஒன்று, 24 மணி நேரத்துக்கு ஒன்று. பெய்யப்போகும் மழையோடு, மண் ஏற்கெனவே எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். இது முக்கியம். நாலு நாள் நசநசவென்று பெய்து ஊறிப்போன மலையில் ஐந்தாம் நாள் அரை மணி நேர மழை போதும், ஓடை பொங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை மாவட்டங்களின் பெயர் அதில் வந்தால் அருவிப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அணையையும் விட்டுவிடக் கூடாது. பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 48 அடி. காலைப் பத்திரிகையில் உள்ளூர் பக்கத்தில் நீர்மட்டம் போட்டிருப்பார்கள். 42-ஐத் தாண்டிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் உபரிநீர் திறப்பார்கள் என்று வைத்துக்கொள்வேன். திறந்தால் கோதையாறு வழியாக நேராகத் திற்பரப்புக்குத்தான் வரும்.

கிளம்புகிற காலை

காலையில் பார்க்க வேண்டியது மூன்று மணி நேர அறிவிப்பு. "அடுத்த 3 மணி நேரத்தில் கீழ்க்கண்ட மாவட்டங்களில் இடியுடன் கூடிய மழை" என்று வரும் அல்லவா, அது. ரேடாரில் மேகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வது என்பதால் முந்தின நாள் கணிப்பைவிட இதற்கு எடை அதிகம். வழியில் டீ குடிக்க நிறுத்தும்போது ஒரு தடவை, அருவியில் வண்டியை நிறுத்தியதும் ஒரு தடவை பார்ப்பேன்.

போனில் திடீரென்று கிறீச்சென்று சத்தம் போட்டு ஒரு எச்சரிக்கை வருமே, அது நீங்கள் அப்போது எந்த டவரின் கீழே இருக்கிறீர்களோ அந்த இடத்துக்கானது. மதுரையில் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் குற்றாலத்து எச்சரிக்கை சத்தம் போடாது. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' ஆப், மாநில அரசின் 'டிஎன் அலர்ட்' ஆப் இரண்டையும் போட்டுக்கொண்டு, போகிற ஊரைத் தேடிப் பாருங்கள்.

அருவிக்கரையில்

2024 மே 17. பழைய குற்றாலம். கோடை வெயிலுக்கு இதமாக ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று வெள்ளம் வந்தது. பெரியவர்கள் அலறிக்கொண்டு படியேறி ஓடுவதை வீடியோவில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அன்று நான் அங்கே இல்லை. ஆனால் அந்தப் படிக்கட்டில் நூறு தடவையாவது துண்டோடு நின்றிருக்கிறேன். இடது பக்கம் வழுக்கும், வலது பக்கம் கூட்டம் இடிக்கும். ஓட வேண்டுமென்றால் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

குற்றாலம் மெயின் அருவியில் மேலேயிருந்து விழும் தண்ணீர் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, வேகம் குறைந்துதான் நம் தலைக்கு வருகிறது. முன்னால் ஒரு ஆர்ச் இருக்கும். தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீஸ் குளிக்க விடமாட்டார்கள். மற்ற இடங்களில் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் அளவுகோல் இல்லை. அங்கே நான் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

போனதும் குளிக்க இறங்காதீர்கள். கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் அதில் எதுவரை தொடுகிறது என்று பார்த்துவிட்டுத் தலைக்கு எண்ணெய் தேயுங்கள். எண்ணெய் தேய்த்து முடிப்பதற்குள் அந்தக் கல் முங்கியிருந்தால் துண்டை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிடுங்கள். நிறம் மாறுவது அடுத்த அடையாளம். கண்ணாடி மாதிரி விழுந்த தண்ணீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்துக்கு வந்தால் மேலே மண் கரைகிறது. பச்சை இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தால் இன்னும் மோசம். காய்ந்த சருகு எப்போதும் வரும். பச்சை இலை என்றால் இப்போதுதான் பிய்த்துக்கொண்டு வருகிறது. சத்தமும் மாறும். சளசளவென்று இருந்தது அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி ஆகும். இவற்றில் ஒன்று தெரிந்தாலே போதும், இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டாம். செருப்பு, சோப்பு டப்பா, செல்போன் எதையும் திரும்பி எடுக்கப் போகாதீர்கள்.

எந்தப் பக்கம் ஓடுவது? ஆற்றோடு சேர்ந்து கீழ்ப்பக்கம் ஓடவே கூடாது, தண்ணீர் உங்களை முந்திவிடும். பக்கவாட்டில், மேடான பக்கம் ஏற வேண்டும். குழந்தையைக் கையில் பிடித்து இழுக்காமல் தூக்கிக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு நடுவில் பாறையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. அது வேண்டவே வேண்டாம், கேட்டியளா. தண்ணீர் ஏறினால் அந்தப் பாறை தீவாகிவிடும்.

ரோட்டில் தண்ணீர்

இந்தப் பாடத்தை நான் அனுபவத்தில் படித்தேன். ஒரு ஐப்பசி மாதம், பூதப்பாண்டி பக்கம் ஒரு தரைப்பாலம். ராத்திரி ஏழரை மணி. வண்டியில் 11 பேர், கல்யாண வீட்டு ஆட்கள். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கல் நட்டிருக்கும், அது பாதி தெரிந்தது. பாதிக் கல் தெரிகிறதே, ஒன்றரை அடிதான் இருக்கும், நம்ம வண்டி உயரம் என்று இறக்கிவிட்டேன். பாதி தூரம் போனதும் ஸ்டியரிங் லேசாகிவிட்டது. கையில் பாரமே இல்லை. அடுத்து பின்பக்கம் ஒரு முழம் நகர்ந்தது, யாரோ மெதுவாகத் தள்ளுகிற மாதிரி. இன்ஜின் நின்றது. அக்கரையில் டிராக்டரோடு நின்ற இரண்டு பேர் கயிறு போட்டு இழுத்திராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பின் சீட்டில் ஒரு பாட்டி மட்டும் சத்தமே போடவில்லை. இறங்கும்போது என் முகத்தைப் பார்த்து, "நீ பிள்ளை குட்டிக்காரன்தானேடே?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே நிற்கிற ஆளைச் சாய்க்கும். 1 அடி இருந்தால் சின்னக் காரை மிதக்கவிடும். 2 அடி என்றால் பெரிய வண்டியையும் தள்ளிக்கொண்டு போகும். இதைவிட முக்கியமான விஷயம், கலங்கல் தண்ணீருக்கு அடியில் ரோடு இன்னும் இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. முன்னால் பஸ் போனதே என்று பின்னாலேயே போகாதீர்கள். பஸ்ஸின் எடை வேறு, உங்கள் எடை வேறு. வண்டியைத் திருப்புங்கள். சுற்றுவழி 20 கிலோமீட்டர் ஆனாலும் டீசல்காசுதான் நஷ்டம்.

கடல்

கடலுக்கு வேறு அலுவலகம். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் அலை எச்சரிக்கை தருகிறது. எங்கள் பக்கத்துச் செய்தியில் "நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை" என்று வாசித்தால் அது எங்கள் மாவட்டக் கடற்கரை முழுசும். அதில் அலையின் உயரம் மீட்டரில் இருக்கும். பலர் அதைப் பார்த்துவிட்டு, "ஒன்றரை மீட்டர்தானே" என்று சிரிப்பார்கள். உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் வினாடிக் கணக்கு ஒன்று இருக்கும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி அது. 16, 18, 20 வினாடி என்று இருந்தால் அது தூரத்திலிருந்து வந்த அலை. உள்ளே அவ்வளவு தண்ணீரைச் சுமந்துகொண்டு வரும். கரையில் ஏறினால் மணல்மேடு வரை போய்த்தான் நிற்கும்.

எங்கள் பக்கத்திலும் கேரளத்திலும் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். கள்ளன் மாதிரிச் சொல்லாமல் வரும். இந்தியப் பெருங்கடலின் தெற்கே வீசும் புயல்காற்று எழுப்பும் அலை சில நாள் பயணம் செய்து இங்கே வந்து சேருகிறது. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும். சித்திரை, வைகாசியில் அதிகம். பள்ளிக்கூட லீவும் அப்போதுதான்.

என் மாமனார் மணக்குடிப் பக்கத்துக்காரர், வள்ளக்காரர், அதாவது படகில் மீன்பிடிக்கிறவர். வினாடிக் கணக்கெல்லாம் அவருக்கு வேண்டாம். விடியற்காலையில் மணலில் நின்று, ஒரு அலை உடைந்ததும் 'அருள் நிறைந்த மரியே' தொடங்குவார். சாதாரண நாளில் பாதி ஜெபத்திலேயே அடுத்த அலை வந்து உடைந்துவிடும். முழு ஜெபமும் முடிந்து ஆமென் சொல்லி, அதற்கப்புறமும் அலை வரவில்லையென்றால் என்னைத் திரும்பிப் பார்த்து, "வள்ளத்தை மேல இழுக்கச் சொல்லு மக்கா" என்பார். நான் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். அவர் நிதானமாகச் சொல்லும் ஜெபத்துக்குக் கிட்டத்தட்ட 15 வினாடி. ஜெபம் தெரியாதவர்கள் பத்து அலைக்கு நேரம் பார்த்துப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

2024 மே 6-ம் தேதி கணபதிபுரம் லெமூர் பீச்சில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். அந்த நாட்களில் தென்கடலோரத்துக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. அதற்குப் பிறகு என் வண்டியில் வருகிற யாரையும், எச்சரிக்கை உள்ள நாளில் "சும்மா கால் நனைச்சிட்டு வந்திடுதோம்" என்று கேட்டாலும் விடுவதில்லை. கால் நனைக்கிற இடத்தில்தான் அந்த அலை ஆளைத் தட்டுகிறது. முழங்கால் தண்ணீர் திரும்பிப் போகும்போது காலடி மணலையும் உருவிக்கொண்டு போகும். விழுந்தவர் எழுந்து நிற்குமுன் அடுத்தது வந்துவிடும்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் கரையில் பதினைந்து இருபது நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓய்ந்திருக்கும். ஓய்வு நேரத்தில் வந்தவர் கடல் அமைதி என்று நினைத்து இறங்குவார். முட்டத்திலும் கன்னியாகுமரியிலும் பாறைமேல் போட்டோ எடுக்கிறவர்கள் பாறையில் ஈரம் எதுவரை இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஈரம் இருக்கிற இடத்துக்கு அலை ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது, மறுபடியும் வரும்.

இழுப்பு என்று ஒன்று உண்டு. அலையாக வந்து கரையில் குவிந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். அந்த வழியில் அலை உடையாது, நுரை குறைவாக, கொஞ்சம் கருப்பாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் "இங்கதான் அலை இல்ல" என்று பிள்ளைகளை அங்கேயே இறக்குவார்கள். தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் கல் சுவர்), பாறை ஓரம் எல்லாம் இப்படி இழுக்கும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீர்கள். பெரிய நீச்சல்காரருக்கும் அது முடியாது. மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்து, அப்புறம் அலையோடு கரையேறுங்கள்.

கரையில் நிற்பவர் குதிக்கவே கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர், மூன்று பேர் போன கதை இந்தக் கடற்கரையில் நிறைய. என் சீட்டுக்கடியில் 20 மீட்டர் நைலான் கயிறும், மூடி இறுக்கிய இரண்டு காலி 5 லிட்டர் கேனும் எப்போதும் கிடக்கும். கேனில் கயிற்றைக் கட்டி வீசலாம், பிடித்துக்கொண்டால் மிதப்பார். பக்கத்தில் வலை உலர்த்துகிற மீனவர்களைக் கூப்பிடுங்கள், அவர்களைவிட வேகமாக யாரும் வரமாட்டார்கள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, கடலோரக் காவல் 1093, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. வெளி மாவட்டத்திலிருந்து 1077 அடிப்பதென்றால் அந்த ஊர் எஸ்டிடி நம்பரை முன்னால் சேர்க்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்வது

இதுதான் இருக்கிற வேலையிலேயே கஷ்டம். "பைசா கொடுத்தாச்சு, லீவு போட்டாச்சு, அங்க எல்லாரும் குளிக்காங்களே" என்பார்கள். நான் வாக்குவாதம் செய்வதில்லை. புக்கிங் பேசும்போதே, எச்சரிக்கை இருந்தால் அருவியும் கடலும் கிடையாது, பதிலுக்கு வேறு இடம் என்று சொல்லி, வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பிவிடுவேன். மாற்று இடம் கைவசம் இருந்தால் பாதிச் சண்டை குறையும். மழைநாளில் பத்மநாபபுரம் அரண்மனையில் இரண்டு மணி நேரம் சுகமாகப் போகும். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதால் அன்றைக்கு சுசீந்திரம் கோயில். மாத்தூர் தொட்டிப்பாலத்தை மாற்றாக வைக்காதீர்கள். 100 அடிக்கு மேல் உயரத்தில் ஒதுங்க இடமில்லாத பாலம். இடிச்சத்தம் கேட்டால் அங்கே நிற்கவே கூடாது. அரண்மனைக்குப் போகிற வழியில் தக்கலையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு பழம்பொரியும் சாயாவும் என் கணக்கில் வாங்கிக் கொடுத்துவிடுவேன். அதுவரை முகத்தைத் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள், இரண்டாவது பழம்பொரி கேட்கும்போது வழிக்கு வந்துவிடுவார்கள்.